போர்னா வைரஸ்: பயம் வேண்டாம், பழக்கம் வேண்டும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கீழ்த்தள வண்டி நிறுத்தத்தில் மூஞ்சூறு, ஸ்டோர் ரூமில் எலிப் புழுக்கை என்று நம் வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி புகார் வருகிறது. அதனால்தான் இன்று போர்னா வைரஸைப் பற்றிப் பேச நினைத்தேன். இது நம் ஊர் நோய் அல்ல. ஆனால் இதன் கதையில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

போர்னா என்பது ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில், லைப்சிக் நகருக்குத் தெற்கே உள்ள ஒரு சிறு நகரம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே குதிரைப் படையின் குதிரைகள் கூட்டமாக நோயுற்றன. தலையைத் தொங்கப் போட்டு நிற்கும், ஒரே இடத்தில் வட்டமடிக்கும், வாயில் எடுத்த வைக்கோலை விழுங்காமல் அப்படியே வைத்திருக்கும், பிறகு இறந்துவிடும். ஊரின் பெயரே நோய்க்கும் நிலைத்தது. காரணம் ஒரு வைரஸ் என்பது 1920-களில் தெரிந்தது. ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்பதற்கான தடயம் 2006-இல்தான் கிடைத்தது. சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் அதை ஒரு மூஞ்சூறில் கண்டார்கள். மேல்பக்கம் கருமை, வயிற்றுப்பக்கம் வெண்மை கொண்ட இனம் அது. அதன் சிறுநீர், எச்சில், புழுக்கை எல்லாவற்றிலும் வைரஸ் வெளியேறுகிறது. மூஞ்சூறுக்கோ ஒன்றும் ஆவதில்லை.

குதிரை, ஆடு, மனிதர் உடலுக்குள் அது புகுந்தால் கதை வேறு. வைரஸ் நரம்பு வழியாக மூளைக்குப் போய்ச் சேரும். அது நேரடியாக நரம்புச் செல்களைக் கொல்வதில்லை. அதை விரட்ட வரும் நம் எதிர்ப்புச் செல்கள்தான் மூளையைச் சிதைக்கின்றன. திருடனைப் பிடிக்க வந்த காவலர் வீட்டையே உடைத்துப் போடுவதைப் போல. காய்ச்சல், தலைவலி, பிறகு குழப்பம், பேச்சுத் தடுமாற்றம், நடைத் தள்ளாட்டம், சில நாட்களிலோ வாரங்களிலோ கோமா. தொற்றியவர்களில் அநேகமாக எல்லாருமே இறந்திருக்கிறார்கள். தடுப்பூசி இல்லை, உறுதிப்பட்ட மருந்தும் இல்லை.

மனிதருக்கு இது வரும் என்பதே அண்மையில்தான் உறுதியானது. 2011-க்கும் 2013-க்கும் இடையே ஜெர்மனியின் சாக்சனி-அன்ஹால்ட் மாநிலத்தில் மூன்று முதியவர்கள் மூளை அழற்சியால் இறந்தார்கள். மூவரும் மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த பல வண்ண அணில்களை வளர்த்தவர்கள்; தங்களுக்குள் அணில்களை மாற்றிக்கொண்டவர்கள். அந்த ஒற்றுமையைக் கவனித்ததால்தான் ஓர் அணிலின் உடலிலும் இறந்தவர்களின் மூளையிலும் ஒரே புதிய போர்னா வைரஸ் இருப்பது 2015-இல் வெளியே வந்தது.

அடுத்தது இன்னும் வேதனை. 2016-இல் தெற்கு ஜெர்மனியில் ஒருவரின் உறுப்புகள் மூவருக்குப் பொருத்தப்பட்டன. கொடையாளரிடம் எந்த அறிகுறியும் இருக்கவில்லை. சிறுநீரகம் பெற்ற இருவரும் இறந்தார்கள். கல்லீரல் பெற்றவர் பிழைத்தாலும் பார்வை நரம்பு பாதிக்கப்பட்டது. இம்முறை குற்றவாளி பழைய குதிரை வைரஸ்தான். உடனே மருத்துவர்கள் பழைய மூளைத் திசு மாதிரிகளை எடுத்துப் பார்த்தார்கள். காரணம் தெரியாமல் இறந்தவர்கள் என்று எழுதி மூடிய கோப்புகள் சிலவற்றில், 1999 வரை பின்னோக்கி, இதே வைரஸ் இருந்தது. 2020 முதல் ஜெர்மனியில் இதை அரசுக்குத் தெரிவிப்பது கட்டாயம்.

நான் சொல்ல வந்தது இதுதான். நோய் புதிதல்ல; கேள்விதான் புதிது. "எந்தப் பிராணியோடு பழகினீர்கள்?" என்று கேட்டபோதுதான் விடை கிடைத்தது. நம் நாட்டிலும் மூளைக் காய்ச்சல் நோயாளிகளில் கணிசமானோருக்குக் காரணம் கண்டுபிடிக்கப்படாமலே போகிறது. ஆகவே வீட்டில் யாருக்காவது காய்ச்சலோடு குழப்பமோ வலிப்போ வந்தால், தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: கிளி வளர்க்கிறோம், எலி செத்துக் கிடந்ததை எடுத்தோம், நாய் கடித்தது என்று.

இரண்டு சந்தேகங்கள் உங்களுக்கு வரலாம். மனச்சோர்வுக்கும் மனநோய்க்கும் இந்த வைரஸ்தான் காரணமா? 1980-களில் அப்படி ஒரு பேச்சு எழுந்தது. 2012-இல் கவனமாக நடத்திய ஆய்வில் அப்படித் தொடர்பு எதுவும் தெரியவில்லை. அந்தப் பழைய செய்தியை யாராவது அனுப்பினால் நம்பவேண்டாம். அடுத்தது, கிளி. பறவைகளுக்கு வேறொரு போர்னா வைரஸ் உண்டு, 2008-இல் கண்டுபிடித்தார்கள். அது வந்தால் இரைப்பை வீங்கி, தின்ற தானியம் செரிக்காமல் அப்படியே வெளியே வரும், பறவை மெலிந்துகொண்டே போகும். அது மனிதருக்குத் தொற்றியதாகத் தெரியவில்லை. புதிதாக வாங்கிய பறவையைக் கொஞ்ச நாள் தனிக் கூண்டில் வைத்துப் பார்த்துவிட்டுச் சேர்ப்பது நல்லது.

நம் வீட்டு மூஞ்சூறு ஐரோப்பிய மூஞ்சூறின் தூரத்து உறவுதான், இனம் வேறு. பிள்ளையார் வாகனத்தை அடித்துக் கொல்ல வேண்டியதில்லை. ஆனால் எலிக் காய்ச்சல் நம் ஊரில் நிஜம். எனவே ஜெர்மானியர்களுக்குச் சொல்லும் அதே விதிகள் நமக்கும் பொருந்தும்:

1. செத்த எலியையோ மூஞ்சூறையோ வெறுங்கையால் தொடாதீர்கள். பிளாஸ்டிக் பையைக் கையுறைபோல் மாட்டி எடுத்து, பையை உள்வெளியாகத் திருப்பிக் கட்டிப் போடுங்கள்.

2. புழுக்கையை வறட்டுத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். தூசி மூக்குக்குள் போகும். சோப்புத் தண்ணீர் தெளித்து, ஊறிய பிறகு துடையுங்கள். போர்னா வைரஸின் வெளியுறை சோப்புக்கே சிதைந்துவிடும்.

3. பரணோ ஸ்டோர் ரூமோ ஒழிக்கும்போது முகக்கவசமும் கையுறையும் போடுங்கள். நம் துப்புரவுப் பணியாளர்களுக்கும் சங்கமே இவற்றை வாங்கித் தர வேண்டும். நமக்காக அந்தத் தூசியை அன்றாடம் சுவாசிப்பவர்கள் அவர்கள்தான்.

4. குப்பை வாளியை மூடி வையுங்கள். உணவு இல்லாத இடத்தில் எலி தங்காது.

மூன்றாவதை இந்தக் கூட்டத்திலேயே தீர்மானமாக எடுத்துக்கொள்ளுமாறு செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.