பிள்ளைகளோடு மலைவாசம்

ஆகஸ்ட் விடுமுறை முடியுந் தறுவாயில் கட்டுநாயக்கா விமான நிலையத்தின் வரவு மண்டபத்திலே சிறிது நேரம் நின்று பார்ப்பவர்களுக்கு ஓர் உண்மை புலனாகும். தமிழகஞ் சென்று மீளும் குடும்பங்களின் பெட்டிகள் பெருத்திருக்கும், முகங்கள் வாடியிருக்கும். தந்தையின் தோளிலே ஒரு குழந்தை துவண்டு கிடக்கும். மற்றொன்று இருமிக்கொண்டு நிற்கும். தாயோ, நாளைக் காலையில் மீண்டும் அடுப்படியில் நிற்கவேண்டுமே என்ற எண்ணத்தோடு கைப்பைக்குள் வீட்டுச் சாவியைத் தேடிக்கொண்டிருப்பாள். ஒன்பது நாளிலே சென்னை, காஞ்சிபுரம், சிதம்பரம், தஞ்சாவூர், மதுரை, இராமேசுவரம் எல்லாம் பார்த்தாயிற்று. சேலைக் கடைகளும் ஏறி இறங்கியாயிற்று. எதனை நாடிப் புறப்பட்டார்களோ, அந்த ஓய்வு ஒன்றுதான் கிடைக்கவில்லை.

தல யாத்திரையைக் குறை கூறுவது இப்பேச்சின் நோக்கமன்று. யாத்திரைக்கு உடல் வருத்தம் இயல்பு. அதனை விரும்பியே ஏற்பவர் யாத்திரிகர். மூன்று வயதுக் குழந்தை எந்த நேர்த்தியும் வைக்கவில்லை. அதற்குத் தெரிந்தவை பசி, உறக்கம், விளையாட்டு என்னும் மூன்றே. யாத்திரையையும் ஓய்வையும் ஒரே பயணச்சீட்டில் முடித்துவிட எண்ணுவதனாலேதான் இரண்டுங் கெட்டுப்போகின்றன.

கடல் கடந்து, குழந்தைகளோடு, ஓய்வுக்காகவே ஓரிடத்துக்குச் செல்லும் வழக்கம் நமக்குப் புதிதாகத் தோன்றலாம். ஆயினும் அத்தகைய ஓரிடத்தின் தோற்றத்துக்கும் யாழ்ப்பாணத்துக்குமே ஒரு தொடர்புண்டு. 1834ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனைச் சேர்ந்தோர் பாக்கு நீரிணையைக் கடந்து மதுரையிலே ஒரு மிஷனைத் தொடங்கினர். மதுரையின் வெப்பமும் காய்ச்சலும் வாந்திபேதியும் அவர்களை வாட்டின. மிஷனரிமார் சிலரும் அவர்களுடைய மனைவி மக்கள் சிலரும் சில ஆண்டுகளுக்குள்ளேயே மாண்டனர். முதலிலே சிறுமலையில் தங்கி இளைப்பாற முயன்றார்கள். காய்ச்சல் அங்கேயும் அவர்களை விடவில்லை. பின்னர், ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயரத்திலுள்ள பழனி மலைத் தொடரின் மேற்றளத்தை நாடி, 1845ஆம் ஆண்டிலே அங்கு இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். இன்றைய கொடைக்கானல் நகரின் தொடக்கம் அதுவே. உல்லாசத்துக்காக எழுந்த ஊரன்று அது. பிள்ளைகளைச் சாகவிடாமற் காப்பதற்காக எழுந்த ஊர்.

அக்காலத்தில் மலையேறுவது எளிதாக இருந்ததில்லை. மோட்டார்ப் பாதை அமையுமுன், குதிரையிலோ, ஆட்கள் தூக்கிய நாற்காலியிலோதான் ஏறவேண்டும். கோடை வாசத்தைப் பற்றிய பழைய செய்திகளைப் படிப்பவர்கள், அந்த நாற்காலிகளைச் சுமந்தவர்களையும் ஒரு கணம் நினைத்துக்கொள்வது நல்லது. ஒருவருடைய ஓய்வு பெரும்பாலும் இன்னொருவருடைய தோளிலேதான் ஏறிச் செல்கிறது. இதனைப் பின்னரும் ஒருமுறை நினைக்கவேண்டி வரும்.

ஏறியவர்கள் எளிதில் இறங்கவில்லை. கோடை தணியும் வரை வாரக்கணக்காகத் தங்கினார்கள். 1863ஆம் ஆண்டில் ஏரி அமைந்தது. 1901ஆம் ஆண்டில் மிஷனரிமாரின் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளிக்கூடம் எழுந்தது. நம் நாட்டவருக்கும் அம்மலை அந்நியமாக இருக்கவில்லை. சேர் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியாராகிய லீலாவதி அம்மையார், ஆஸ்திரேலியாவிற் பிறந்து சைவத்தைத் தழுவியவர். 1936ஆம் ஆண்டில் அங்கே குறிஞ்சி ஆண்டவர் கோயில் எழுந்தது அவருடைய முயற்சியாலேயே. மேகமில்லாத வேளையில் அக்கோயிலின் முற்றத்திலிருந்து பழனிமலை கண்ணுக்குத் தெரியும்.

அந்நாளில் இலங்கையர் கொழும்பிலே இரயில் ஏறித் தலைமன்னார் சென்று, கப்பலிலே தனுஷ்கோடியை அடைந்து, மீண்டும் இரயிலேறினார்கள். 1964 டிசம்பரிலே வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு அந்த வழி முடிந்தது. இன்று கொழும்பிலிருந்து மதுரைக்கு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் ஆகும். ஆனால், இந்த எளிமையே ஒரு பொறியாகிறது. காலையிலே கொழும்பு, மாலையிலே கொடைக்கானல் என்று பெரியவர்கள் கணக்குப் போட்டுவிடுகிறார்கள்.

மதுரையிலிருந்து கொடைக்கானல் ஏறத்தாழ 120 கிலோமீற்றர். வத்தலக்குண்டைக் கடந்தபின் மலைப்பாதை தொடங்குகின்றது. வளைவுக்குப் பின் வளைவு. அதிகாலையில் எழுப்பப்பட்டு, விமானத்திலே காதடைத்து அழுது, சுங்கத்திலே வரிசையில் நின்ற குழந்தையை அன்றே இப்பாதையிலும் ஏற்றினால் வாந்தி எடுப்பதில் வியப்பென்ன? முதல் இரவை மதுரையிலே கழிப்பது செலவன்று, சிக்கனம். மறுநாள் இரண்டு இட்டலி மட்டும் கொடுத்து, வண்டியை நிதானமாகச் செலுத்தச் சொல்லி, வெள்ளி அருவியருகே சற்று இறங்கி நடக்கவிட்டால் மலை அச்சுறுத்தாது. விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் கைக்குழந்தைக்குப் பாலும் பெரிய பிள்ளைக்குச் சப்பிச் சுவைக்க ஏதாவதும் கொடுத்தால் காது நோவு குறையும். இவை சிறிய செய்திகளே; ஆனால் பயணத்தின் முதல் நாள் கெட்டால் அடுத்த மூன்று நாள்களும் அதனைச் சரிசெய்வதிலேயே கழியும்.

புறப்படுமுன் கவனிக்கவேண்டியவை மிகச் சில. மடியிலிருக்கும் குழந்தைக்குங்கூடத் தனிக் கடவுச்சீட்டும் இந்திய விசாவும் வேண்டும். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகள் இணையவழியே முன்னனுமதி பெறவேண்டும் என்னும் ஒழுங்கு 2024 மே மாதத்தில் வந்தது. வண்டிக்காரரிடம் அதனை முன்னரே கேட்டுக்கொள்ளல் வேண்டும். ஆகஸ்ட் மாத இரவுகளிலே குளிர் 12 பாகையளவுக்கு இறங்குவதுண்டு. யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டையும் காலுறையும் வேண்டும். வழக்கமாக உட்கொள்ளும் காய்ச்சல் மருந்து, வைத்தியர் எழுதிய அளவோடு, கைப்பையிலேயே இருக்கட்டும்.

நுவரெலியா இருக்கக் கடல் கடப்பதேன் என்று கேட்போர் உண்டு. நேர்மையான கேள்வி. குளிர் மட்டுமே வேண்டுமென்றால் நுவரெலியா போதும். கொடைக்கானல் அதனினும் எண்ணூறடியளவு உயரம், அவ்வளவே. ஆயினும் கடலுக்கு ஒரு குணமுண்டு. அதனைக் கடந்தவரிடம் அலுவலகத்துக் கோப்பு எளிதில் வந்து சேர்வதில்லை. அந்தியிலே உறவினர் கதவைத் தட்டுவதில்லை. வீதியிலே பழம் விற்பவரோடும் குதிரைக்காரரோடும் தம் மொழியிலேயே பேசலாம் என்பது பிள்ளைகளுக்கு ஒரு பெருமகிழ்ச்சி. மொழி சற்றே வேறுபட்டு ஒலிப்பதைக் கேட்டு அவர்கள் சிரிப்பதும் ஒரு மகிழ்ச்சிதான்.

அங்கே சேர்ந்தபின் செய்யவேண்டியது யாது? மிகக் குறைவாகச் செய்வதே. கொடைக்கானலிலே பார்க்கவேண்டிய இடங்களென்று பன்னிரண்டு, பதினைந்து பெயர்களைக் கொண்ட பட்டியலை வண்டிக்காரர்கள் நீட்டுவார்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்டிவிடுவார்கள். அப்பட்டியலை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஒரு நாளைக்கு ஓரிடம், அதுவும் முற்பகலில். ஏரியைச் சுற்றியுள்ள பாதை ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றர். அதில் அரை கிலோமீற்றர் நடந்து, ஒரு மரத்தடியிலே எறும்புகளைப் பார்த்து நின்றுவிட்டுத் திரும்பினாலும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது முழுப் பயணமே. நண்பகலுக்குப்பின் உறக்கம், வீட்டிலே நடப்பது போலவே அதே நேரத்தில். மாலையிலே மூடுபனி இறங்கினால் சன்னலோரமிருந்து அதனைப் பார்க்கலாம். ஊரை மாற்றினாலும் குழந்தையின் நாளை மாற்றலாகாது. அதன் நாள் குலையாதிருந்தாலன்றிப் பெரியவர்களுக்கு ஓய்வு கிட்டாது.

இனி, தோளைப் பற்றிய செய்தி. வாடகைக்கு வீடெடுத்தாற் செலவு குறையும் என்று பல குடும்பங்கள் எண்ணுகின்றன. யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூளும் இடியப்ப உரலும் பெட்டிக்குள் ஏறுகின்றன. மலையுச்சியிலே, குளிர்ந்த நீரிலே, பழகாத அடுப்படியிலே அந்தத் தாய் மூன்று வேளையுஞ் சமைக்கிறாள். ஈரத்தில் உலராத குழந்தை உடுப்புகளைத் துவைக்கிறாள். இரவிலே இருமும் பிள்ளைக்கு எழும்புகிறாள். கணவர் முகப்பிலே அமர்ந்து, இங்கே எவ்வளவு அமைதி என்று வியக்கிறார். பழைய நாற்காலி தூக்கிகளை நினைக்கவேண்டிய இடம் இதுவே. அந்தக் குடும்பத்திலே மலையேறியவர் ஒருவர், சுமந்தவர் மற்றொருவர்.

சமையற்காரர் உள்ள விடுதியொன்றை, நாள்களைக் குறைத்தேனும் தெரிந்துகொள்வது சிறந்தது. பத்து நாளுக்கு வாடகை வீடு எடுக்கும் பணத்திலே ஆறு நாள் விடுதியிலே தங்கக் கூடுமானால் அந்த ஆறு நாளே மேல். வாடகை வீடுதான் இயலுமென்றால் காலையுணவு கடையிலிருந்து வரட்டும். உறைப்புக் குறைவென்று முறையிடுபவர் தாமே சம்பல் அரைத்துக்கொள்ளலாம். பேரப்பிள்ளைகளோடு அம்மம்மாவையும் அழைத்துச் செல்வதானால், விருந்தினராக அழைத்துச் செல்லவேண்டும். குழந்தை பார்க்க ஓர் ஆள் கிடைத்தார் என்று அன்று.

தந்தைமார் சிலருக்குத் தம் பிள்ளை எத்தனை மணிக்கு எழும்புகிறது, எந்தக் கிண்ணத்திலே பால் குடிக்கிறது என்பது தெரியாது. அறிந்துகொள்ள மலைவாசத்தின் காலைப்பொழுதுகள் வாய்ப்பானவை. முதல் நாள் காலுறை வலம் இடமாக மாறிப்போகலாம். பால் சற்றே சுடலாம். நான்காம், ஐந்தாம் நாளளவிலே கை பழகிவிடும். எட்டு மணிக்கு மூடுபனி விலகுகின்றது. தாய் போர்வைக்குள்ளே இன்னும் உறங்குகிறாள். தந்தை இரு பிள்ளைகளுக்கும் கம்பளிச் சட்டையின் பொத்தான்களைப் பூட்டி, சத்தமிடவேண்டாமென்று விரலை உதட்டில் வைத்துக் காட்டி, கதவை மெல்லச் சாத்திவிட்டு, ஏரிக்கரையை நோக்கி நடக்கிறார்.