அம்மாவை விடமுந்திப் பார்க்கவேண்டியவை

(சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நல்லநாள் பெருநாளில இதென்ன கதை எண்டு சிலர் நினைப்பீங்கள். பலெர்மோவில இத்தாலிய வயோதிபர்களைக் குளிப்பாட்டி, சாப்பாடு தீத்தி, கண்மூடும் வரைக்கும் பக்கத்தில இருந்தவை எங்கட ஆக்கள். அந்தச் சம்பளத்திலதான் பிள்ளையள் படிச்சதுகள். இப்ப எங்கட தாய்தகப்பனுக்கே அந்த வயசு வந்திட்டுது. செருப்பைக் கையில பிடிச்சுக்கொண்டு மொந்தே பெல்லெக்ரினோ ஏறி சாந்தா ரொசாலியாவைக் கும்பிட்ட அம்மாமாருக்கு இண்டைக்கு வீட்டுப்படி இறங்க ஏலாது.

ஊரில கைதடி முதியோர் இல்லத்தின்ர பேரை எடுத்தாலே, பெத்ததுகளைக் கைவிட்டவை எண்டு கதைப்பினம். அந்தப் பேச்சுக்குப் பயந்து இஞ்சையும் சில வீடுகளில, ஆரிட்டையும் விசாரிக்காமல், இரவோடிரவாக ஓரிடத்தில கொண்டுபோய் விட்டிடுகினம். விடுறதா இல்லையா எண்டது அவரவர் வீட்டு அலுவல். விடுறதெண்டால் பார்த்து விடுங்கோ.

முதலில், காசா தி ரிப்போசோ வேறை, ஆர்.எஸ்.ஏ. வேறை. தன்ர அலுவலைத் தானே பார்க்கக்கூடிய ஆளுக்குத்தான் காசா தி ரிப்போசோ. படுக்கையில கிடக்கிறவைக்கு, தாதியும் மருத்துவரும் உள்ள ஆர்.எஸ்.ஏ. வேணும். இதை மாறி விட்டால் அங்கை உள்ளவை எவ்வளவு அன்பாக இருந்தாலும் பிரயோசனமில்லை.

பராமரிப்பின் தரத்தை எப்படி அளப்பது என்று 1966இல் ஒரு கட்டுரை எழுதியவர் அவெடிஸ் டொனபேடியன். ஆர்மீனியப் படுகொலைக்குத் தப்பிய குடும்பத்தில் பெய்ரூத்தில் பிறந்தவர். எங்களைப் போல ஒரு அகதிக் குடும்பத்துப் பிள்ளை. கட்டிடமும் ஆட்பலமும் ஒன்று, செய்யும் வேலை இன்னொன்று, அதனால் நோயாளிக்கு வந்த பலன் மூன்றாவது என்று அவர் பிரித்தார். எங்கட சனம் முதலாவதில, அதுவும் கட்டிடத்தோட நிண்டிடும். நிலம் மினுங்குது, கந்தெஜ்ஜீனா மணக்குது, பெரிய டிவி இருக்குது எண்டு திருப்திப்பட்டு வந்திடுவினம். மினுங்கிற நிலத்தில அம்மாவுக்கு என்ன சுகம்?

சாப்பாட்டு நேரத்தில போங்கோ. தட்டு கைக்கு எட்டுற இடத்தில இருக்குதா, தீத்திற ஆள் பக்கத்தில இருந்து தீத்துறாவா, நிண்டுகொண்டு கரண்டியைத் திணிக்கிறாவா எண்டு பாருங்கோ. உதடு காய்ஞ்சிருக்குதா? மணி அடிச்சால் எத்தனை நிமிசத்தில ஆள் வருகுது? மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருங்கோ, வெட்கப்படாதேங்கோ. இரவில எத்தனை பேருக்கு எத்தனை பேர் வேலை எண்டு கட்டாயம் கேளுங்கோ. பகலில பத்துப்பேர் நிண்டு இரவில ஒருத்தி ஓடித்திரியிற இடமும் உண்டு.

பலன் எண்டது உடம்பில தெரியும். ஒரு மாதத்தில நிறை நூற்றுக்கு ஐந்து குறைஞ்சால், அதாவது 60 கிலோ ஆளுக்கு 3 கிலோ, காரணம் கேட்கவேணும். குதிக்காலையும் முதுகின் அடியையும் நீங்களே திறந்து பாருங்கோ; படுக்கைப்புண் அங்கைதான் தொடங்கும். முதலில ஒரு சிவப்பு. விரலால அமத்தியும் நிறம் மாறாட்டில் உடனே தாதிக்குச் சொல்லுங்கோ. இந்தப் புண் வரக்கூடிய ஆக்களை முன்கூட்டியே கண்டுபிடிக்க 1962இல் இங்கிலாந்தில் டொரீன் நோர்ட்டன் என்ற தாதி ஒரு புள்ளித்திட்டம் தந்தார்: மொத்தம் 20, அதில் 14 அல்லது அதற்குக் கீழே வந்தால் ஆபத்து. அம்மாவின்ர புள்ளி எத்தனை, எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்கவைக்கிறீங்கள் எண்டு கேளுங்கோ. நல்ல இடத்தில அதற்கு எழுத்தில பதில் இருக்கும்.

இஞ்சை இருக்கிறவையில எத்தனையோ பேர் இப்படியான இடங்களில வேலை செய்யிறீங்கள். 2020 மார்ச்சில் பலெர்மோ மாகாணத்தில் உள்ள வில்லாஃப்ராத்தியில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் கொரோனா பரவி, அந்த ஊரையே மூடினார்கள். அந்தக் காலத்தில் பிள்ளைகள் பெற்றோரைப் போய்ப் பார்க்கமுடியாமல் பல இல்லங்களின் கதவு பூட்டியிருந்தது. உள்ளுக்கு நடந்ததைக் கண்டது வேலைக்குப் போனவை மட்டும்தான். ஆகையால் நீங்கள் வாய் திறக்கவேணும். மருத்துவர் எழுதித் தராமல் ஒருவரைக் கட்டிலோட கட்டக்கூடாது. அப்படிக் கண்டால், முறைப்பாட்டை கராபினியேரியின் நாஸ் பிரிவிட்ட கொடுக்கலாம். வேலை போயிடும் எண்ட பயம் எனக்கும் விளங்கும். தனியப் போகாமல் சங்கத்திட்ட வாங்கோ, அல்லது தொழிற்சங்கத்தோட கதையுங்கோ.

இன்னொரு விசயம். மறதி நோய் வந்தால் பின்னால படிச்ச மொழிதான் பெரும்பாலும் முதலில போகும். இருபது வருசம் இத்தாலியன் கதைச்ச அம்மா திரும்பத் தமிழுக்கு வந்திடுவா. அவ "நோகுது" எண்டு கத்துவா. தாதி குழப்படி பண்ணுறா எண்டு நினைப்பா. இளம்பிள்ளையள், இதை நீங்கள் செய்யலாம். ஒரு மட்டையில அம்மம்மா சொல்லுற சொல்லை இத்தாலிய எழுத்தில எழுதி, பக்கத்தில அதின்ர கருத்தையும் எழுதி, கட்டில் தலைமாட்டில ஒட்டிவிடுங்கோ. தண்ணி எண்டால் ஆக்குவா. குளிருது எண்டால் ஓ ஃப்ரெத்தோ. நோகுது எண்டால் மி ஃபா மாலே. ஒண்டுக்கு எண்டதையும் மறக்காமல் எழுதுங்கோ.