துருத்தியில் ஒரு நட்சத்திரம்

பழைய மடிப்புக் காமிராவில் எடுத்த படங்களில், அன்புக்குரிய முகத்தின் மீது வெண்புகை படர்ந்தாற்போல் ஒரு கறை திரும்பத் திரும்பத் தோன்றுமாயின், பிலிமின் மீதோ அதைக் கழுவியவர் மீதோ பழி சுமத்துமுன், நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் பார்க்க வேண்டும். அங்கே கருமையாகத் தெரியும் அக்கறை, படச் சட்டத்தைத் தாண்டிப் பிலிமின் ஓரம் வரை ஓடியிருந்தால் ஒளி கசியும் தோஷம் பெரும்பாலும் பின்கதவில். சட்டத்துக்குள்ளேயே அடங்கியிருந்தால் லென்ஸையும் காமிராவின் உடலையும் இணைக்கும் மடிப்புத் துருத்தியைச் சந்தேகிக்கலாம். பிம்பம் தலைகீழாக விழுவதால், படத்தின் மேற்புறத்துக் கறை காமிராவுக்குள் பிலிமின் கீழ்ப்பாகத்தில் விழுந்ததே என்பதையும் மறக்கலாகாது.

இரவில் அறையை இருளாக்கி, கண்கள் அவ்விருளுக்குப் பழகியபின், துருத்தியை முழுவதும் நீட்டி, பின்வழியாகச் சிறு டார்ச் விளக்கை உள்ளே செலுத்தி, மடிப்புகளை ஒவ்வொன்றாக நோக்கினால், மடிந்தும் நிமிர்ந்தும் தேய்ந்துபோன மூலையொன்றில், ஊசிமுனையளவு நட்சத்திரம் ஒன்று மினுங்கக் காண்பீர்கள். கறுப்புத் துணியின் மெல்லிய துண்டு ஒன்றை, மடிப்பு தடித்துவிடாதபடி, அதன்மேல் ஒட்டுங்கள்.