வாங்கிய நூல் யாருடையது?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. ஆயினும் இவ்வாண்டு சட்டம் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். சட்டம் என்றவுடன் எவரும் அஞ்ச வேண்டா. நான் எடுத்துக்கொண்டது பதிப்புரிமைச் சட்டம். அது வழக்கறிஞர்க்கும் நூலாசிரியர்க்கும் மட்டும் உரிய பொருள் என்று ஒரு காலத்தில் நாம் எண்ணியிருந்தோம். இன்றோ செல்பேசியில் பாட்டுக் கேட்கும் பாட்டியும், கணிப்பொறியில் பாடம் படிக்கும் பேரனும் அச்சட்டத்தின் எல்லைக்குள்தான் அமர்ந்திருக்கிறார்கள்.

நம்மைப் போல் பிறமொழி வழங்கும் மாநிலத்தில் வாழ்வோர்க்கு இது இன்னும் நெருங்கிய செய்தி. தமிழகத்தில் உள்ளோர் ஒரு நூல் வேண்டுமென்றால் பக்கத்துக் கடைக்குப் போவர். நாமோ ஊருக்குச் சென்று திரும்பும்போது பையில் சுமந்து வருகிறோம். இல்லையேல் செல்பேசியைத் திறக்கிறோம். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கும் நம் குழந்தைகளுக்குத் தமிழ் பெரும்பாலும் அந்தக் கண்ணாடிப் பலகை வழியாகவே வருகிறது. அவ்வழி நம்முடையதா, பிறர் நினைத்தபோது அடைத்துவிடக் கூடியதா என்பதே என் கேள்வி.

இந்நகரத்தின் வரலாற்றிலிருந்தே தொடங்குகிறேன். மைசூர் அரசினரின் கீழ்த்திசை நூலகத்திற்கு, நம் தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் ஓலைச்சுவடி ஒன்றைக் கொடுத்தார். கிரந்த எழுத்தில் அமைந்த சுவடி அது. நூலகராயிருந்த அறிஞர் சாம சாஸ்திரி 1905இல் அதனை ஆராய்ந்து, பன்னூறாண்டுகளாகப் பெயரளவில் மட்டும் அறியப்பட்டிருந்த கௌடிலியரின் அர்த்தசாத்திரம் அதுவே என்று கண்டார். 1909இல் அதன் மூலம் அச்சேறிற்று. 1915இல் அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்பும் வெளிவந்தது. இந்திய அரசியல் சிந்தனையின் வரலாற்றையே திருத்தி எழுதச் செய்த நூல், ஒரு தமிழ்நாட்டுப் பண்டிதரின் கையிலிருந்து ஒரு மைசூர் நூலகரின் கைக்கு மாறியதால் உலகிற்குக் கிடைத்தது.

அது நிகழ்ந்தது எங்ஙனம்? சுவடி அப்பண்டிதரின் கையில் இருந்தது. அவர் விரும்பினார், கொடுத்தார். வேறு எவருடைய இசைவும் அதற்கு வேண்டியிருக்கவில்லை. ஓலையாயினும் தாளாயினும், கையில் உள்ள நூலைப் படிக்கலாம், இரவல் தரலாம், பழைய புத்தகக் கடையில் விற்கலாம், மகளுக்குச் சீராகக் கொடுக்கலாம், பேரனுக்கு விட்டுச் செல்லலாம். இவ்வுரிமைகளை நாம் எந்த அலுவலகத்திலும் எழுதி வாங்கவில்லை. நூல் என்னும் பொருளின் இயல்பே அவற்றை நமக்குத் தந்திருந்தது.

இவ்வாறு சொல்வதால் ஆசிரியனின் உரிமையை நான் குறைத்துப் பேசுவதாக எவரும் கருதிவிடலாகாது. எழுதியவன் பட்டினி கிடக்க, அச்சிட்டவன் மட்டும் வாழ்வது அறமாகாது. நம் நாட்டின் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் இயற்றப்பட்டு, 1958 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆசிரியரின் வாழ்நாளிலும், அவர் மறைந்தபின் 50 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும் என்று அது கூறிற்று. பின்னர் அது 60 ஆண்டுகளாயிற்று. 2012ஆம் ஆண்டுத் திருத்தமோ இன்னும் ஒரு படி மேலே சென்றது. திரைப்படத்திற்குப் பாட்டெழுதிய கவிஞரும் இசையமைத்தவரும், அப்பாட்டு திரையரங்குக்கு வெளியே பயன்படும்போது வரும் ஊதியத்தில் தமக்குரிய சமபங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டாலும் அது செல்லாது என்று விதித்தது. இதனை நாம் மனமார வரவேற்க வேண்டும்.

ஆனால் உரிமை ஒருவர் கையில் முற்றாகத் தங்கிவிட்டால் என்ன நேரும் என்பதையும் தமிழர் அறிவர். 1948இல் டி.கே.எஸ். சகோதரர்கள் தம் ‘பில்ஹணன்’ திரைப்படத்தில் பாரதியார் பாடல் ஒன்றைச் சேர்த்தனர். பாரதியார் பாடல்களை ஒலிவடிவில் வெளியிடும் உரிமையை அப்போது விலை கொடுத்து வாங்கி வைத்திருந்தவர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார். அவர் தரப்பிலிருந்து எதிர்ப்பு எழுந்தது. விடுதலைக்குப் பாடிய கவிஞரின் பாட்டுக்கு விடுதலை இல்லையா என்று நாரண துரைக்கண்ணன் முதலான எழுத்தாளர்கள் குரல் எழுப்பினர். 1949இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் தலைமையில் இருந்த சென்னை மாகாண அரசு, உரியவர்க்குப் பொருள் கொடுத்து அவ்வுரிமையைப் பெற்றுக்கொள்ள முன்வந்தது. மெய்யப்பச் செட்டியாரோ தம் பங்கைப் பொருள் பெறாமலே அளித்தார். அதன்பின் சில ஆண்டுகளில் பாரதியாரின் எழுத்துகள் மக்கள் அனைவர்க்கும் பொதுவாயின. ஆசிரியர் குடும்பத்திற்குப் பரிசுத்தொகை கொடுத்து நூல்களை நாட்டுடைமையாக்கும் வழக்கம் தமிழகத்தில் இன்றும் தொடர்கிறது. கல்கியின் படைப்புகள் 1999இல் அவ்வாறே நாட்டுடைமையாயின.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். மின்னூல் ஒன்றைச் செல்பேசியில் காசு கொடுத்துப் பெறுகிறோம். பொத்தானில் ‘வாங்குக’ என்றே எழுதியிருக்கிறது. ஆனால் எவரும் படிக்காத நெடிய ஒப்பந்தத்திலோ, நமக்குக் கிடைப்பது நூலன்று, படிக்கும் உரிமம் மட்டுமே என்று எழுதியிருக்கிறது. வீடு வாங்கினோம் என்று எண்ணிக் குடிக்கூலிக்கு இருப்பது போன்றது இது.

இது வெறும் அச்சமன்று. 2009 சூலைத் திங்களில் அமேசான் நிறுவனம், தன் கிண்டில் கருவியில் மக்கள் பணம் கொடுத்துப் பெற்றிருந்த இரண்டு நூல்களைத் தொலைவிலிருந்தே அழித்தது. விற்றவருக்கு அவற்றை விற்கும் உரிமை இல்லை என்பது நிறுவனம் கூறிய காரணம். பணம் திரும்பி வந்தது. ஆனால் நூல் போயிற்று. அந்த இரண்டு நூல்களும் ஜார்ஜ் ஆர்வெல் எழுதியவை. அவற்றுள் ஒன்று, பழைய எழுத்துகளையெல்லாம் அரசே அழித்துத் திருத்தும் ஒரு நாட்டைப் பற்றிய ‘1984’ என்னும் நாவல்! 2019இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் மின்னூல் கடையை மூடியபோது, அங்கு வாங்கிய நூல்கள் அனைத்தும் வாசகர் கையிலிருந்து மறைந்தன. அப்போதும் பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. நம் ஊரில் ஒரு புத்தகக் கடை மூடப்பட்டால், கடைக்காரர் நம் வீட்டு அலமாரியைத் திறந்து நூல்களை எடுத்துச் செல்வாரா? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், உரிமத்தை விற்போர் அது உரிமமே என்று வாங்குவோர்க்குத் தெளிவாகக் கூறவேண்டும் என்று சட்டம் செய்தது. 2025 சனவரி முதல் அது நடப்பில் உள்ளது.

இத்தகைய மின்னூலுக்குப் பூட்டும் உண்டு. ஒரு கருவியில் திறப்பது மற்றொன்றில் திறவாது. அப்பூட்டுக்குச் சட்டத்தின் காவலும் உண்டு. 1998இல் அமெரிக்கா இயற்றிய சட்டம், பூட்டைத் திறப்பதையே குற்றமாக்கிற்று. நல்ல நோக்கத்திற்காகத் திறந்தேன் என்பது அங்கே பொதுவாக விடையாகாது. மூன்றாண்டுக்கு ஒருமுறை அறிவிக்கப்படும் சில விலக்குகளும் உண்டு. நம் நாடு 2012இல் வேறு வழியைத் தேர்ந்தது. உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவர்க்கே இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் என்று 65-அ பிரிவு கூறுகிறது. சட்டம் தடுக்காத செயலுக்காகத் திறப்பது குற்றமாகாது. நல்ல விதிதான். ஆயினும் திறக்கலாம் என்று சொன்ன சட்டம் திறவுகோலை நம் கையில் கொடுக்கவில்லை! பொறியியல் அறியாத இல்லத்தரசிக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர்க்கும் அவ்வுரிமை ஏட்டுச் சுரைக்காயாகவே நிற்கிறது.

அன்பர்களே, நமக்குள்ள உரிமைகளையேனும் நாம் அறிந்திருக்கிறோமா? 52ஆம் பிரிவு அவற்றை வரிசையாகக் கூறுகிறது. கணிப்பொறி நிரல் அல்லாத எந்தப் படைப்பையும் சொந்தப் படிப்பிற்கும் ஆராய்ச்சிக்கும் நியாயமான அளவில் கையாளலாம். அதன்பொருட்டு மின்வடிவில் சேமித்தும் வைக்கலாம். பொருளீட்டும் நோக்கமில்லாத பொது நூலகம், தன்னிடம் அச்சில் உள்ள நூலைப் பாதுகாப்பதற்காக மின்வடிவில் சேர்த்து வைக்கலாம். தொழிற்கலைஞர் அல்லாதோர் கூடிய மன்றம், கட்டணம் வாங்காத அவையோர் முன் பாடலும் நாடகமும் நிகழ்த்தலாம். குடியிருப்பில் வாழ்வோரின் பொது அரங்கிலும், ஆதாயம் கருதாத மன்றத்தின் நிகழ்ச்சியிலும் இசைப்பதிவை ஒலிக்கச் செய்யலாம். சமயச் சடங்கில் பாடுவதும் இசைப்பதிவை ஒலிப்பதும் குற்றமில்லை. திருமண ஊர்வலமும் அதனோடு சேர்ந்த கொண்டாட்டங்களும் அச்சொல்லில் அடங்கும் என்று சட்டமே விளக்கம் தருகிறது.

மாணவர்க்கும் ஒரு செய்தி. தில்லிப் பல்கலைக்கழகத்தில் இயங்கிய நகலகம் ஒன்றின்மீது பெரும் பதிப்பகங்கள் வழக்குத் தொடுத்தன. பாடத்திற்கு வேண்டிய பகுதிகளை நகலெடுத்துத் தொகுப்பதற்குச் சட்டம் இடங்கொடுக்கிறது என்று தில்லி உயர்நீதிமன்றம் 2016இல் தீர்ப்புரைத்தது. பார்வையற்றோர்க்காக நூலை ஒலிவடிவிலோ பிரெயில் வடிவிலோ மாற்றுவதற்கும் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்தது. அதே நோக்கமுடைய மராக்கேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதன்முதலாக உறுதி செய்த நாடு நம் இந்தியா. இது நாம் பெருமை கொள்ளத்தக்கது.

ஆனால் இவ்வரங்கில் பாடுவது வேறு. அதனைப் படம்பிடித்து யூடியூபில் உலகறிய ஏற்றுவது வேறு. முன்னதற்குத் தந்த விலக்கு பின்னதற்குத் தானே நீளாது. திரைப்பாடலை அவ்வாறு ஏற்றினால், உரியவர் தடுப்பதற்கு இடமுண்டு. இதனை நாம் ஒப்புக்கொள்வோம். ஒப்ப முடியாதது வேறொன்று. நம் சிறுமி ஒருத்தி தேவாரம் பாடுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதிப்புரிமை உடையார் எவரும் இலர். இந்நகரில் வாழ்ந்து 1961இல் மறைந்த மைசூர் வாசுதேவாச்சாரியார் தம் வாழ்நாளில் வெளியிட்ட கீர்த்தனைகளும் 2022 தொடக்கத்திலிருந்து பொதுவானவையே. ஆயினும், புகழ்பெற்ற பாடகர் ஒருவரின் இசைத்தட்டில் அதே பாட்டும் அதே பண்ணும் இருப்பதால், ஒப்பிட்டுப் பார்க்கும் பொறி குழந்தையின் குரலையும் அவ்விசைத்தட்டின் பகுதியென்று பிழைபட எண்ணிவிடக்கூடும். பொறிக்கு ஒலி தெரியும். 52ஆம் பிரிவு தெரியாது.

அத்தகைய நேரத்தில் நம்மவர் செய்வது யாது? ‘ஏதோ சட்டச் சிக்கல்’ என்று அஞ்சி, காட்சியையே நீக்கிவிடுகிறார்கள். அங்ஙனம் செய்யலாகாது. மறுப்புத் தெரிவிக்கும் வழி அங்கேயே உண்டு. உரிமை கோரியவர் 30 நாளுக்குள் விடை கூறவேண்டும். உரிமையாளர் எழுத்தில் முறையிட்டால், வலைத்தளத்தார் அப்படைப்பை 21 நாள் மறைத்து வைக்க வேண்டும் என்றும், அதற்குள் நீதிமன்ற ஆணை வாராவிடின் மீண்டும் வெளியிடலாம் என்றும் நம் நாட்டுச் சட்டம் கூறுகிறது. வாய் திறவாதவனுக்குச் சட்டம் துணை நிற்பது அரிது.

முடிவாக, நம் சங்கம் செய்யத்தக்க சில பணிகளைக் கூறி அமைகிறேன். முதலாவது, மின்னூல் வந்துவிட்டது என்று நம் நூலகத்து அச்சு நூல்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இரவல் தரவும் பேரனுக்கு வைத்துச் செல்லவும் தக்க நூல் இன்றும் அதுவே. இரண்டாவது, பூட்டில்லாத தமிழ்ச் செல்வத்தைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். 1998 முதல் தன்னார்வத் தொண்டர்கள் வளர்த்துவரும் மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் தொடங்கி எத்தனையோ நூல்கள் உள்ளன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நாட்டுடைமையான நூல்கள் உள்ளன. அவற்றை இறக்கிச் சேமித்து வைத்தால் எவரும் வந்து அழிக்கப் போவதில்லை. மூன்றாவது, வாழும் எழுத்தாளரின் நூலைத் திருட்டுப் படியாகச் செல்பேசிக்குச் செல்பேசி அனுப்புவதை நிறுத்துங்கள். நம் உரிமையை வற்புறுத்தும் நாம் பிறர் உரிமையைப் பறிக்கலாமா? இவ்விழா மலரில் ஒருவர் கதையையோ கவிதையையோ மறுபதிப்புச் செய்யும்போதும் எழுத்தில் இசைவு பெறுவதை வழக்கமாக்கிக் கொள்ளுங்கள். நான்காவது, மின்னூலோ பாட்டோ வாங்கும்முன், இது விற்பனையா, உரிமமா என்று ஒருமுறை கேளுங்கள். கேட்பவர் பெருகினால்தான் சட்டம் செய்வோர் செவிக்கு அது எட்டும்.

ஆசிரியன் வாழவேண்டும், வாசகனும் வாழவேண்டும். நம் பிள்ளைகள் தமிழ் படித்தவர்களாக வளர்ந்தால் மட்டும் போதாது. தாம் படித்த தமிழைத் தம் பிள்ளைகள் கையில் கொடுக்கத்தக்கவர்களாகவும் வாழவேண்டும். அதற்குரிய விழிப்பு இன்றே நம் இல்லங்களில் தோன்றுக என்று வேண்டி அமைகிறேன்.