கையொப்பமிட முன்



இந்த மண்டபத்தில் பேச எழுந்தால் பழைய நடுக்கம் இன்னும் வருகிறது.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் நான் குழந்தைநல வைத்தியர். அங்குள்ள கல்விச் சேமிப்புக் கணக்கைப் பற்றிப் பலர் கேட்டீர்கள். அது நாம் சேமிக்கும் பணமல்ல, அரசின் பணம். பிள்ளையை அரச பாடசாலையிலிருந்து விலக்கினால், மாநிலம் அப்பிள்ளைக்குச் செலவிட்டிருக்கக்கூடிய தொகையில் சுமார் 90 சதவீதத்தைப் பெற்றோர் கையாளும் கணக்கில் இடும். தனியார் பாடசாலைக் கட்டணம், பேச்சுப் பயிற்சி, புத்தகம் என்று செலவிடலாம். 2011இல் விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கெனத் தொடங்கி, 2022இல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள்.

ஆரம்பத்தில் தாய்மாரிடம் "எடுங்கோ" என்றே சொன்னேன். ஒப்பந்தத்தை முழுதாக வாசித்தது பிறகுதான். விசேட தேவையுள்ள பிள்ளைக்கு ஏற்ற கல்வியை அரச பாடசாலை இலவசமாகக் கொடுத்தேயாக வேண்டும் என்பது அங்கே 1975ஆம் ஆண்டுச் சட்டம். கையொப்பமிட்டால் அந்தக் கடப்பாடு நின்றுவிடும். தனியார் பாடசாலையிடம் அந்த உரிமையைக் கேட்க முடியாது. ஓட்டிசம் உள்ள ஒரு சிறுவனை நாலு மாதத்தில் "எங்களால் இயலாது" என்று அனுப்பிவிட்டார்கள். அரச பாடசாலை திரும்பச் சேர்த்ததுதான். ஆனால் அவனுக்கு அந்த வருடமே போய்விட்டது. அவன் தாய்க்கு "எடுங்கோ" என்றவள் நான்.

இன்னொரு சிறுமி இதே கணக்கால் கிழமைக்கு மூன்று தரம் பேச்சுப் பயிற்சிக்குப் போய், இப்போது வசனமாகக் கதைக்கிறாள். அதனால் வேண்டாம் என்றும் சொல்வதில்லை. பாடசாலை இடத்தை எழுத்தில் தந்ததா, பயிற்சியாளரிடம் நேரம் கிடைத்ததா என்று கேட்கிறேன். இரண்டும் கைக்கு வந்த பிறகே கையொப்பமிடச் சொல்கிறேன்.