மோட்டார் கன்ட்ரோலரின் மறதி: நாமே சரிபார்ப்பது எப்படி?

(நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



முதலில் ஒரு மன்னிப்பு. போன மாதம் கரண்ட் போய் வந்த இரவில் மேல்தொட்டி வழிந்து, லிஃப்ட் அறை வரை தண்ணீர் இறங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். மோட்டாரை நிறுத்த மறந்துவிட்டார் என்று வாட்ச்மேன் அண்ணனைச் சிலர் திட்டினீர்கள். தவறு அவருடையது அல்ல. ஆர்டுயினோ நானோ போர்டில் அந்த கன்ட்ரோலரைச் செய்து கொடுத்தவன் நான். பிழை என் புரோகிராமில்தான் இருந்தது.

அந்த போர்டில் உள்ள ஏடிமெகா 328பி சிப்பில் மூன்று வகை நினைவகம் உண்டு. புரோகிராம் இருப்பது 32 கிலோபைட் ஃபிளாஷில். வேலை நடக்கும்போது மட்டும் பயன்படுவது 2 கிலோபைட் எஸ்ரேம். கரண்ட் போனால் அதில் இருப்பது அழிந்துவிடும். கரண்ட் போனாலும் மறக்காதது 1 கிலோபைட் ஈஈப்ரோம். தண்ணீர் எந்த உயரத்துக்கு வந்தால் மோட்டார் நிற்க வேண்டும் என்ற எண்ணை இதில்தான் வைத்திருந்தேன்.

ஈஈப்ரோமின் ஒவ்வொரு இடத்திலும் 1 லட்சம் முறை எழுதலாம் என்பதே தயாரிப்பாளர் தரும் கணக்கு. என் புரோகிராமோ 10 விநாடிக்கு ஒருமுறை அதே எண்ணைத் திரும்பத் திரும்ப எழுதியது. ஒரு நாளைக்கு 8,640 முறை. 12 நாளில் லட்சத்தைத் தாண்டிவிட்டது. அதன் பிறகு பல மாதம் ஓடியது நம் அதிர்ஷ்டம். அன்று கரண்ட் வந்ததும் போர்டு அந்த எண்ணை மறுபடி படித்தது. 150 சென்டிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 214 இருந்தது. நம் தொட்டியின் உயரமே 180. மோட்டார் எப்படி நிற்கும்?

திருத்தம் சின்னதுதான். ‘ரைட்’ என்ற கட்டளை, எண் மாறாவிட்டாலும் எழுதும். ‘அப்டேட்’ மாறியிருந்தால் மட்டுமே எழுதும். அதை மாற்றினேன், எண்ணைத் தேய்ந்த இடத்திலிருந்து வேறு இடத்துக்கு நகர்த்தினேன். படித்த எண் 100க்கும் 160க்கும் நடுவில் இல்லையென்றால் மோட்டாரை ஓட்டாதே என்று ஒரு வரியும் சேர்த்தேன்.

ஆனால் புதிய புரோகிராம் போர்டில் ஏற மறுத்தது. ‘நாட் இன் சிங்க்’ என்று ஒரே பதில். கணினி பேசுகிறது, சிப் பதில் சொல்லவில்லை என்பதே அதன் பொருள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் பள்ளி புராஜெக்டிலும் இது வரும். அப்போது இந்த வரிசையில் பாருங்கள்.

ஒன்று, யூஎஸ்பி கேபிள். சில கேபிள்களில் சார்ஜ் ஏற்றும் கம்பிகள் மட்டுமே இருக்கும். போர்டில் விளக்கு எரியும், கணினியில் போர்ட் தெரியாது. கேபிளை மாற்றுங்கள்.

இரண்டு, டிரைவர். விலை குறைந்த நானோக்களில் பெரும்பாலும் சிஎச்340 என்ற யூஎஸ்பி சிப் இருக்கும். அதற்கான டிரைவர் கணினியில் இருக்க வேண்டும்.

மூன்று, மெனு. டூல்ஸில் போர்டும் போர்ட்டும் சரியா பாருங்கள். நானோ என்றால் ப்ராசஸரில் ‘ஓல்டு பூட்லோடர்’ என்பதையும் முயலுங்கள். பழையது 57,600 வேகத்திலும் புதியது 1,15,200 வேகத்திலும் பேசும். வேகம் ஒத்துவராவிட்டால் இதே பிழைதான்.

நான்கு, 0, 1 எண் பின்கள். புரோகிராம் ஏறும் வழி அதுதான். அங்கே வேறு எதையாவது இணைத்திருந்தால் கழற்றிவிடுங்கள்.

நான் முதல் மூன்றையும் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கினேன். ‘அங்கிள், புளூடூத் மாட்யூல் எந்தப் பின்னில் இருக்கு?’ என்று பத்தாவது படிக்கும் நம் பி பிளாக் பெண் கேட்டாள். 0, 1இல்தான் இருந்தது! கழற்றியதும் ஒரே நிமிடத்தில் ஏறிவிட்டது.

இன்னொன்று. யூஎஸ்பி வழியாகப் புதிய புரோகிராம் ஏற்றினால் ஈஈப்ரோம் அழியாது. கெட்ட எண் அங்கேயே இருக்கும். அதையும் நாம்தான் திருத்த வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: மோட்டார் பெட்டிக்குள் 230 வோல்ட் ஓடுகிறது. மெயினை அணைத்து, போர்டை வெளியே எடுத்த பிறகே கணினியில் இணைக்க வேண்டும். பிள்ளைகள் அந்தப் பெட்டியைத் திறக்கவே கூடாது.

கடைசியாகச் சங்கத்திடம் இரண்டு கோரிக்கைகள். கன்ட்ரோலரை நம்பாமல் தனியாக மோட்டாரை நிறுத்தும் ஒரு மிதவை சுவிட்சைத் தொட்டியில் பொருத்த வேண்டும். புரோகிராமின் நகலும் ஒயரிங் படமும் சங்க அலுவலகத்தில் இருக்க வேண்டும். நான் ஊரில் இல்லாத நாளிலும் உங்கள் குழாயில் தண்ணீர் வர வேண்டும் அல்லவா?

வாட்ச்மேன் அண்ணனிடம் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அன்று திட்டியவர்களும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.