அடுப்படியும் அதன் கணக்கும்

 

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்’ என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. இவ்விரண்டையும் செய்து முடித்தவர்களுக்குங்கூட எளிதில் பிடிபடாத செலவு ஒன்று உண்டு. கட்டிய வீட்டில் ஒரு பகுதியை இடித்துத் திருத்தும் செலவுதான் அது. அதிலும் சமையலறையைத் திருத்தும் செலவு தந்தை ஐம்பதாயிரம் என்று தொடங்கி, கொத்தனார் எண்பதாயிரம் என்று திருத்தி, இறுதியில் ஒன்றரை இலட்சத்தில் வந்து நிற்பதைப் பல இல்லங்களில் காண்கிறோம். இஃது ஏன் நேர்கிறது? எப்படித் தவிர்ப்பது? இவற்றைக் குறித்தே இன்று பேச விரும்புகிறேன்.

‘இது பெரியவர்கள் கவலை, மாணவர்களாகிய எங்களுக்கு எதற்கு?’ என்று நீங்கள் கேட்கலாம். வீட்டில் பரப்பளவும் விழுக்காடும் வட்டியும் அண்மையில் கற்றவர்கள் நீங்களே. உங்கள் கல்வி வீட்டுக்குப் பயன்பட வேண்டிய இடங்களுள் இதுவும் ஒன்று. மேலும் நம் விருதுநகர், வணிகர்களின் ஊர். பருப்பும் வற்றலும் எண்ணெயும் விலை பேசப்படும் இவ்வூரில் கணக்கெழுதாமல் கடை திறப்பாரில்லை. ஆயினும் கடையில் ஒரு ரூபாய்க்கும் கணக்குக் கேட்பவர், வீட்டுக்குக் கொத்தனாரை அழைக்கும்போது வாய்ச்சொல்லிலேயே ஒப்பந்தம் முடித்துவிடுகிறார். அங்கேதான் பிழை தொடங்குகிறது.

ஆகவே நாம் ஒரு கணக்குப் போடுவோம். சிவகாசியில் அச்சான நாட்காட்டியின் கிழித்த தாள் ஒன்றை எடுத்து, அதன் வெறும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகும் விலைகள் எடுத்துக்காட்டுக்காகக் கொண்டவை. ஊருக்கு ஊர், கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் அவை மாறும். உங்கள் ஊர் விலையைக் கேட்டு அந்த இடங்களில் நிரப்பிக்கொள்க. முறையைக் கற்பதே நம் நோக்கம்.

சமையலறை 10 அடி நீளமும் 8 அடி அகலமும் உடையது எனக் கொள்வோம். தரையின் பரப்பு 80 சதுர அடி. உடைசலுக்கும் வெட்டுக்கும் பத்து விழுக்காடு கூட்டினால் 88 சதுர அடி டைல்ஸ் வேண்டும். சதுர அடி 60 ரூபாய் என்றால் 5,280 ரூபாய். அடுத்து, இரு சுவர்களை ஒட்டி வளைந்து செல்லும் சமையல் மேடை. ஒரு பக்கம் 10 அடி. மறு பக்கம் 8 அடி. மூலையில் இரண்டும் கூடும் 2 அடியை இருமுறை எண்ணக்கூடாது. எனவே நீளம் 16 அடியே. அகலம் 2 அடி. பரப்பு 32 சதுர அடி. கிரானைட் கல் சதுர அடி 180 ரூபாய் என்றால் 5,760 ரூபாய். மேடைக்கு மேலே சுவரில் 2 அடி உயரத்துக்கு ஒட்டும் டைல்ஸ் 40 சதுர அடி. 50 ரூபாய் வீதம் 2,000 ரூபாய். ஆகமொத்தம் கண்ணுக்குத் தெரியும் கல்லும் டைல்ஸும் 13,040 ரூபாய்தான். பலர் கடைக்குச் சென்று இந்த விலையை மட்டும் கேட்டுவிட்டு, ‘இவ்வளவுதானே!’ என்று துணிந்து வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத செலவுகள் இனிமேல்தான் வருகின்றன. பழைய மேடையை இடித்து, இடிசலை வண்டியில் ஏற்றி அப்புறப்படுத்த 5,000. செங்கல், மணல், சிமெண்டு 9,000. கொத்தனாருக்கு நாளொன்றுக்கு 1,100 வீதம் எட்டு நாளைக்கு 8,800. சித்தாளுக்கு 750 வீதம் 6,000. பாத்திரம் கழுவும் தொட்டியும் குழாயும் 6,000. தண்ணீர் வரவும் கழிவுநீர் போகவும் குழாய் பதிக்க 8,000. மின் இணைப்புகளுக்கு 7,000. புகையை வெளித்தள்ளும் விசிறி 2,000. சுவர்ப்பூச்சு 5,000. மேடைக்குக் கீழே கடப்பாக் கல் தட்டுகளும் கதவுகளும் அமைக்க 20,000. அனைத்தையும் கூட்டிப் பாருங்கள். 89,840 ரூபாய், ஏறக்குறைய தொண்ணூறாயிரம். கடையில் கேட்ட 13,040 ரூபாய், மொத்தத்தில் ஏழில் ஒரு பங்குதான்.

இத்துடன் முடிந்ததா? இல்லை. பழைய சுவரை உடைத்தால் உள்ளே என்ன இருக்கும் என்று எவரும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. துருப்பிடித்த குழாய் இருக்கலாம். ஈரம் ஊறிய செங்கல் இருக்கலாம். காப்புறை இற்றுப்போன மின்கம்பி இருக்கலாம். ஆதலின் மொத்தத்தில் 15 விழுக்காட்டை எதிர்பாராச் செலவு என்று தனியே ஒதுக்கவேண்டும். தொண்ணூறாயிரத்துக்கு அது 13,500 ரூபாய். எனவே நம் கணக்கின் விடை 1,03,500 ரூபாய். இத்தொகை கையில் இருந்தால்தான் சுவரில் முதல் உளி விழலாம்.

இக்காலத்தில் ‘மாடுலர் கிச்சன்’ என்று சொல்லும் பெட்டி அலமாரிகளைப் பலரும் விரும்புகின்றனர். அதையும் கணக்கிடுவோம். கீழ் அலமாரி 16 அடி நீளம், இரண்டரை அடி உயரம்: 40 சதுர அடி. மேல் அலமாரி 10 அடி நீளம், 2 அடி உயரம்: 20 சதுர அடி. ஆக 60 சதுர அடி. சதுர அடி 1,500 ரூபாய் என்றால் 90,000 ரூபாய். கடப்பாக் கல் தட்டுக்கு நாம் வைத்த இருபதாயிரத்தைக் கழித்து இதைச் சேர்த்தால் மொத்தம் 1,59,840. எதிர்பாராச் செலவையும் கூட்டினால் சுமார் 1,84,000 ரூபாய். ஏனைய வேலைகள் அனைத்துக்கும் ஆகும் தொகையை விட அலமாரி ஒன்றே கூடுதலாக விழுங்குகிறது என்பதைக் கவனியுங்கள். செலவைக் குறைக்க விரும்புவோர் முதலில் கைவைக்க வேண்டிய இடம் இதுவே. குழாயிலும் மின்கம்பியிலும் அன்று.

வரியையும் மறத்தலாகாது. சிமெண்டுக்கு 28 விழுக்காடாக இருந்த சரக்கு சேவை வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காடாகக் குறைந்தது. வரி நீங்கலாக 300 ரூபாய் விலையுள்ள மூட்டைக்கு முன்பு 84 ரூபாய் வரி. பின்னர் 54 ரூபாய். மூட்டைக்கு முப்பது ரூபாய் மிச்சம். ஆனால் தொண்ணூறாயிரம் ரூபாய் அலமாரிக்கு 18 விழுக்காடு என்றால் 16,200 ரூபாய். ‘நீங்கள் சொல்லும் விலை வரி உட்பட்டதா, நீங்கலானதா?’ என்ற ஒரே கேள்வியை முதலிலேயே கேட்காதவர், பதினாறாயிரத்தை இறுதி நாளில் தேடி அலைவார்.

இனி, எதற்கு முதலில் செலவிடுவது என்பதைப் பார்ப்போம். காற்று, வெளிச்சம், தண்ணீர், உயரம், அழகு என்ற வரிசையை நான் சொல்வேன். விறகுப் புகை கண்ணுக்கும் நுரையீரலுக்கும் இதயத்துக்கும் கேடு என்று உலக சுகாதார நிறுவனம் தொடர்ந்து எச்சரித்து வருகிறது. எரிவாயு அடுப்பு வந்த வீட்டிலும் தாளிக்கும் புகை போக வழி வேண்டும். எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையிலே தேங்கும். ஆகவே உயரத்தில் ஜன்னல் இருப்பது போதாது. தரையை ஒட்டியும் காற்று வெளியேற ஒரு திறப்பு வேண்டும். சுவரில் ஒரு துளையிடும் செலவு எவ்வளவு? சில நூறு ரூபாய். அதைச் செய்யாமல் பல்லாயிரம் ரூபாய்க்குப் பளபளப்பான கதவுகள் மாட்டி என்ன பயன்?

நம் சிவகாசி வட்டாரத்துக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். பட்டாசுத் தொழிற்சாலையிலிருந்து மாலையில் வீடு திரும்பும் தாய்மாரின் கையிலும் சேலையிலும் மருந்துத் தூள் படிந்திருக்கும். அவர்கள் நேரே அடுப்பின் முன் சென்று நிற்பது பேராபத்து. உணவிலும் அத்தூள் கலக்கும். வீட்டின் பின்வாயிலில் கைகால் கழுவவும் உடை மாற்றவும் ஒரு குழாயும் ஒரு மறைப்பும் அமைப்பது, சமையலறைத் திருத்தத்தின் முதற்செலவாக இருக்கவேண்டும். அவ்வாறே, தீபாவளிக்கென வாங்கிய வெடிப்பெட்டிகளை அடுப்புக்கு மேலுள்ள பரணில் வைக்கும் பழக்கமும் ஒழியவேண்டும். உரிமமில்லாமல் வீட்டில் வெடி செய்வதோ சட்டத்துக்கும் புறம்பு, உயிருக்கும் உலை.

உயரத்தைப் பற்றி என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். தலைமையாசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஆண்டில் எங்கள் அடுப்படியைத் திருத்தினேன். இப்போது சொன்ன கணக்கையெல்லாம் அழகாக எழுதி வைத்திருந்தேன். மேடை எத்தனை அங்குலம் என்று கொத்தனார் கேட்டபோது, நான் அருகில் நின்று பார்த்து, ‘36 அங்குலம்’ என்றேன். வேலை முடிந்து பால் காய்ச்சினோம். ஒரு வாரம் கழித்து அடுப்படிக்குள் சென்ற நான், என் மனைவி தரையில் மணைப்பலகையைப் போட்டு அதன்மேல் நின்று தோசை வார்ப்பதைக் கண்டேன். அவள் ஐந்தடி உயரத்தவள். “முதலிலேயே சொல்லக்கூடாதா?” என்றேன். “என்னை நிற்க வைத்து அளந்திருக்கலாமேங்க” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் மாணவர்களுக்கு அளவை கற்பித்தவன், அளக்க வேண்டிய ஆளை அளக்க மறந்துபோனேன். மேடையைப் பெயர்த்து 33 அங்குலத்துக்கு இறக்க மேலும் 11,000 ரூபாய் ஆயிற்று. மேடையில் நின்று வேலை செய்பவரின் முழங்கைக்கு ஏறக்குறைய நான்கு அங்குலம் கீழே மேடை இருக்கவேண்டும் என்பது விதி. அவ்விதியை அறிய ஒரு நூல்நாடாவும், ஒரு கேள்வியும் போதும்.

அடுப்படியை அளந்து அமைக்கும் இக்கலைக்கு உலகப் புகழ் பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. ஜெர்மனி நாட்டுப் பிராங்க்பர்ட் நகரில், முதல் உலகப் போருக்குப் பின் ஏற்பட்ட வீட்டுப் பஞ்சத்தைப் போக்க நகராட்சி குடியிருப்புகள் கட்டியது. அவற்றுக்கு 1926இல் மார்கரெட் ஷூட்டே லிகோட்ஸ்கி என்னும் பெண் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வகுத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர், சுமார் 70 சதுர அடி. நாம் கணக்கிட்ட அறையைக் காட்டிலும் சிறியது. இரயில் வண்டியின் சிற்றுண்டிப் பெட்டியில் சிறிய இடத்துக்குள் வேலை நடக்கும் விதத்தையும், பெண்கள் வீட்டுவேலைக்குச் செலவிடும் நேரத்தையும் ஆராய்ந்து அவர் அதை அமைத்தார். அவ்வகைச் சமையலறைகள் ஏறத்தாழப் பத்தாயிரம் கட்டப்பட்டன. அச்செலவு கட்டுமானச் செலவோடு சேர்த்து வாடகையில் சிறிது சிறிதாக ஈடுசெய்யப்பட்டது. அறை பெரிதாவதும் பொருள் விலையுயர்வதும் அன்று, நடை குறைவதே நல்ல அடுப்படிக்கு இலக்கணம் என்பதை அது உலகுக்குக் காட்டியது.

கடைசியாக, பணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி. நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு ஒரு இலட்சம் கடன் வாங்கினால், மாத வட்டி 2,000, இரண்டாண்டில் 48,000. அசல் அப்படியே நிற்கும். அதே குடும்பம் மாதம் 4,000 ரூபாய் அஞ்சலகத்தில் சேர்த்தால் 25 மாதத்தில் ஓர் இலட்சம் கைக்கு வரும், வட்டியும் நமக்கே. நம் பகுதிக்கு இக்கணக்கு உயிர்நிலை. மழை பெய்தால் பட்டாசு உலராது, வேலை நிற்கும். 2018 அக்டோபர் 23இல் உச்சநீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்பைப் பயன்படுத்தத் தடை விதித்தபோது, அத்தீபாவளிக்குப் பின் சிவகாசித் தொழிற்சாலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. வருமானம் நின்றது, தவணை நிற்கவில்லை. பருவத்தில் வரும் கூலியை நம்பி, மாதம் தவறாமல் கேட்கும் கடனை வாங்குவது எத்தகைய துணிவு என்பதை அன்று பல குடும்பங்கள் உணர்ந்தன. வரவு சிறிதானாலும் செலவு அதனினும் விரியாதிருந்தால் கேடில்லை என்று வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் அறிவுறுத்துவது நம் அடுப்படிக்கும் பொருந்தும்.

ஒரே முறையில் அனைத்தையும் செய்ய இயலாதவர் மனம் தளர வேண்டா. இவ்வாண்டு காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் வழி செய்க. அடுத்த ஆண்டு குழாயும் மேடையும். அலமாரி அதற்கும் பிறகு வரட்டும். இந்த வரிசையில் செய்தால் இடையில் பணம் தீர்ந்தாலும் பயன் தீராது. வரிசை மாறினால் புகை சூழ்ந்த அறையில் பளபளக்கும் கதவுகளே மிஞ்சும்.

மாணவர்களே, இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் செல்லுங்கள். நீளமும் அகலமும் அளவுங்கள். பிறகு உங்கள் தாயாரை அழைத்து, “அம்மா, இங்கே நின்று வேலை செய்யும்போது எங்கே வலிக்கிறது?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் விடையைத் தாளின் முதல் வரியில் எழுதுங்கள். கூலியும் கல்லும் சிமெண்டும் அதற்குக் கீழேதான் வரவேண்டும்.